கும்பகோணத்தில் வாங்கிய நட்டுவாங்கத் தாளம்

என் மகள் நட்டுவாங்கம், அதாவது பரதநாட்டியத்துக்குத் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது, பழக ஆரம்பித்ததும் முதலில் இணையத்தில் ஒரு ஜோடி தாளத் தட்டு வாங்கினேன். பளபளவென்று இருந்தது. ஆனால் இரண்டுமே பித்தளை. தட்டினால் தகர மூடி மாதிரி ‘டப்’ என்று அடங்கிவிடும். அப்புறம்தான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு நேரில் போனேன். 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி, நான்கு மாதமாகத் தினமும் புழங்குகிறது.

நட்டுவாங்கத் தாளத்தில் இடக்கைத் தட்டு வெண்கலம், வலக்கைத் தட்டு இரும்பு. செம்போடு வெள்ளீயம் சேர்த்து வார்ப்பதால் வெண்கலத்துக்கு அந்த நாதம். பித்தளையில் சேர்வது துத்தநாகம், அதில் இந்த நாதம் வராது. கடினமான இரும்பு விளிம்பு வந்து விழும்போது அடி வெட்டினாற்போல் கேட்கும், அதன்பின் வெண்கலம் ரீங்கரிக்கும். ஆடுகிற பிள்ளையின் காலுக்கு அந்த வெட்டுதான் வேண்டும். மிருதங்கமும் பாட்டும் சேர்ந்து ஒலிக்கும்போதும் இது தனியாகக் காதில் விழுகிறது.

கடைக்காரர் ஆறு வெண்கலத் தட்டுகளை எடுத்து வைத்து, "நீங்களே தட்டிப் பாருங்கம்மா" என்றார். ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினோம். ஒன்றில் மெல்லிய கரகரப்பு. வெளிச்சத்தில் பிடித்தபோது விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. அதை அவரே ஒதுக்கி வைத்தார். நாங்கள் எடுத்ததில் கடைசல் சுத்தம். நடுக்குமிழ் தடித்து, விளிம்பை நோக்கிச் சீராக மெலிகிறது. ஜோடி கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளையால் வர்ணம் என்ற நீண்ட ஆட்ட உருப்படி முழுக்கத் தாங்க முடிகிறது.

குறை ஒன்று உண்டு. இரும்புத் தட்டின் நடுத்துளையில் பிசிர் இருந்தது. மூன்றாம் வாரமே கயிறு அறுந்து, தட்டு தரையில் விழுந்தது. நல்லவேளை, விழுந்தது இரும்பு. வெண்கலமாக இருந்தால் கீறல் விட்டிருக்கும். திரும்ப எடுத்துப்போனதும் அரம் போட்டுத் துளையை மழுக்கிப் புதுக்கயிறும் கோத்துத் தந்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனாலும் 1,800 ரூபாய்ப் பொருளில் இதை விற்கும்முன்பே பார்த்திருக்க வேண்டும். வாங்குபவர்கள் துளைக்குள் விரல்நுனியைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

புளி போட்டுத் தேய்த்தால் வெண்கலம் பளிச்சென்று ஆகிறது. இரும்பை மட்டும் வகுப்பு முடிந்ததும் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கிறோம். கை வியர்வை பட்டால் ஒரே இரவில் துரு ஏறிவிடுகிறது.