வா பெடல்: கிளிக்கா, மிதியா, ஆட்டோவா?

ஆடி மாசம் வந்துவிட்டால் பெங்களூரு அல்சூர் பக்கம் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஓய்வு கிடையாது. பெரும்பாலும் கோயில் வாசலில்தான் மேடை, அதனால் செருப்பு கீழேயே நின்றுவிடும். கிடார் வாசிப்பவனுக்கு இதில் என்ன சங்கடம் என்று கேட்பீர்கள். கிடார் ஒலியை 'வா வா' என்று பேச வைக்கும் மிதி பெடல்தான் வா பெடல். அதை வெறுங்காலோடு அழுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒருமுறை இரவல் பெடலோடு ஏறினேன். டிஸ்கோ பாட்டு முடிந்ததும் அழுத்தி அணைத்தேன். அதாவது, அணைத்ததாக நினைத்துக்கொண்டேன். அடுத்தது மெலடி. முதல் நான்கு சுரம் விழுவதற்குள் கீபோர்டு தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணா, கிடாருக்கு ஜலதோஷமா?" என்றான். பெடல் பாதியில் நின்று மூக்கடைத்துப் பேசிக்கொண்டிருந்தது. விளக்கு இல்லாத பெடல் என்பதால் குனிந்து பார்த்தும் பிரயோஜனமில்லை.

அன்றிலிருந்து யார் யோசனை கேட்டாலும் ஒன்றுதான் சொல்கிறேன். சத்தம் அப்புறம். அது எப்படி ஆன் ஆகிறது, எப்படி ஆஃப் ஆகிறது என்று முதலில் பார்.

டன்லப் க்ரை பேபி, வாக்ஸ் வி847 இரண்டும் கிளிக் வகை. 1967இல் கடைக்கு வந்த முதல் வா பெடலின் வாரிசுகள். டிரம்பெட் வாயை மூடித் திறந்து வாசிக்கும் கிளைட் மெக்காயின் பெயரைத்தான் அந்த முதல் பெடலுக்கு வைத்தார்கள். உள்ளே ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒலியின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். மிதிபலகையில் உள்ள பற்சட்டம் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை, அதாவது வால்யூம் குமிழ் மாதிரியான ஒன்றைத் திருப்ப, அந்தத் தூக்கல் கீழிருந்து மேலே நகரும். குதிகால் பக்கம் சாய்த்தால் 'ஊ', விரல் பக்கம் சாய்த்தால் 'ஆ'. நாம் வாயைக் குவித்துத் திறப்பது போலத்தான். இரண்டில் வாக்ஸ் கொஞ்சம் மென்மையாக என் காதுக்குப் படுகிறது. டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டால் அந்த வித்தியாசமும் காணாமல் போகும்.

கிளிக் வகையின் பெரிய பலம், பாதியில் நிறுத்திவிட்டுக் காலை எடுத்துவிடலாம் என்பது. மெலடியில் மானத்தை வாங்கிய அதே மூக்கடைப்பு, லீட், அதாவது முன்னால் வந்து தனி மெட்டு வாசிக்கும்போது கிடாரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டும். பலவீனம் இரண்டு. ஸ்விட்ச் பலகைக்கு அடியில், விரல் முனையில் இருக்கிறது. வெறுங்காலில் முழு எடையையும் போட்டால்தான் கிளிக் கேட்கும். ஸ்விட்ச்சைப் பிடித்திருக்கும் நட்டைத் திருகிக் கொஞ்சம் உயர்த்தினால் இலகுவாகும். அதிகம் உயர்த்தினால் வேகமாக ஆட்டும்போது தானாகவே அணையும். அரைச் சுற்று, சோதனை, மறுபடி அரைச் சுற்று என்று பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. இன்னொன்று தூசு. பொட்டென்ஷியோமீட்டரில் தூசு சேர்ந்து 'கரகர' என்று கேட்க ஆரம்பித்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி அடிக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் புதிதாக மாற்ற வேண்டியதுதான்.

மார்லி பேட் ஹார்ஸி வேறு ரகம். ஸ்டீவ் வாய் (Steve Vai) என்ற கிடார் கலைஞரோடு சேர்ந்து உருவாக்கியது. கிளிக்கே இல்லை, மிதித்தால் ஆன், காலை எடுத்தால் ஸ்பிரிங் பலகையைத் தூக்கிவிடும், ஆஃப். உள்ளே தேய்வதற்குப் பொட்டென்ஷியோமீட்டரும் இல்லை. வெளிச்சத்தின் அளவை வைத்தே ஒலி நகர்கிறது, அதனால் கரகரப்புக்கு வழியில்லை. வெறுங்காலுக்கு இதைவிட இதமான பெடலை நான் மிதித்ததில்லை. ஆனால் அந்த மூக்கடைப்பு லீட் வேண்டுமென்றால் பாட்டு முழுக்கக் காலை அதன்மேலேயே வைத்துக் கொக்கு மாதிரி நிற்க வேண்டும். பையிலும் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஆட்டோ வாவுக்குக் காலே தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த மியூ-ட்ரான் III வழி வந்த ஜாதி. கம்பியைப் பிக்கால் எவ்வளவு பலமாக அடிக்கிறோமோ அவ்வளவு திறக்கும். உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு வசதி. ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரியில் இரண்டாவது மணி நேரத்தில் கை தளர்ந்துவிடும், பெடலும் கூடவே வாயை மூடிக்கொள்ளும். இதற்கு முன்னால் சத்தத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரோ, ஒலியை உடைத்துக் கொடுக்கும் டிஸ்டார்ஷனோ வைத்தாலும் இதே கதிதான். பலமும் மெலிவும் ஒன்றாகிவிட்டால் அது எதை வைத்துத் திறக்கும்?

மற்ற வா பெடல்களையும் நான் டிஸ்டார்ஷனுக்கு முன்னால்தான் வைக்கிறேன். பின்னால் வைத்தால் சிந்தசைஸர் மாதிரி சீறும். சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

கோயில் மேடைக்கு இப்போது மார்லி. ஷூ போட்டு ஏறும் மண்டபக் கச்சேரிக்கும் வீட்டில் ரெக்கார்டிங்குக்கும் க்ரை பேபி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் க்ரை பேபியையே சொல்வேன், நட்டைத் திருகப் பொறுமை இருந்தால். ஆட்டோ வாவை பேஸ் கிடார் வாசிக்கும் மச்சானிடம் கொடுத்தேன். அவன் திருப்பித் தருவதாகத் தெரியவில்லை.