மாஞ்சருகு மக்க குப்பி மட்டும் போதுமா? காரைக்குடித் தோட்டத்தில் வேஸ்ட் டீகம்போசர்

எங்கள் பக்கம் பழைய வீடுகளின் பின்கட்டைத் தாண்டினால் மா, வேம்பு, தேக்கு என்று மரம் நிற்கும். தை பிறந்தால் பங்குனி வரை சருகு கொட்டித் தீர்க்கும். பெரும்பாலும் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது. நான் சில வருடமாக வேஸ்ட் டீகம்போசர் ஊற்றி மக்க வைக்கிறேன்.

காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண்மை மையம் 2015-ல் வெளியிட்ட நுண்ணுயிர்க் கலவை இது. நாட்டு மாட்டுச் சாணத்திலிருந்து பிரித்தெடுத்தது. நான் வாங்கியபோது குப்பி 20 ரூபாய். 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் கரைத்து, குப்பியைக் கலந்து தினமும் கிண்டிவிட்டால் ஒரு வாரத்தில் தயார். அதிலேயே கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த ட்ரம்முக்கு உறை ஊற்றிக்கொள்ளலாம்.

ஆனால் வெறும் சருகில் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சருகில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. நுண்ணுயிர் பெருக இரண்டும் வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிச்சத்து 30 பங்கு அளவில் இருந்தால் வேலை ஓடும். அதனால் சருகு ஒரு அடுக்கு, தழைச்சத்து நிறைந்த பச்சைச் சாணமும் கிளைரிசிடியா மரத்தின் தழையும் ஒரு அடுக்கு என்று போடுகிறேன். சில நாளில் குவியலுக்குள் கை வைக்க முடியாத சூடு. சர்க்கரை, மாவுச்சத்து என்று எளிதானதை பாக்டீரியா தின்னும் கட்டம் அது.

சூடு தணிந்த பிறகு கிளறினால்தான் அழகு. இலைகளை ஒன்றோடொன்று தைத்தாற்போல வெள்ளை இழை ஓடியிருக்கும்: பூஞ்சாணம். இலைக்கு உறுதி தரும் லிக்னின் என்ற கடினமான பொருளை உடைப்பது பெரும்பாலும் அதுதான். வேப்பிலை உருத்தெரியாமல் போயிருக்கும். தேக்கிலையில் சதை போய் நரம்பு மட்டும் வலையாக நிற்கும். மாவிலை தோல்போல அப்படியே கிடக்கும். அதை மிதித்து நொறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்குகிறது. கடைசியில் வரும் மழைமண் வாசம் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகை தருவது. அந்த வாசம் வந்தால் சலித்து எடுக்கலாம்.

இங்கே பெரிய எதிரி சித்திரை வெயில். ஈரம் போனால் எந்த நுண்ணுயிரும் அசையாது. பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு கசியும் பதம் போதும். தென்னங்கீற்று மூடிப் போட்டால் ஈரம் நிற்கும்.

ஒரு குவியலுக்குக் கரைசல், பக்கத்துக் குவியலுக்குப் பழைய மக்கு உரத்திலிருந்து இரண்டு கூடை என்று போட்டுப் பார்த்தேன். முதல் சில வாரம் கரைசல் முந்தியது. சலிக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே மக்கு வைத்திருப்பவர்களுக்கு அவசியமில்லை, அந்த உயிரெல்லாம் அதிலேயே இருக்கிறது.

தைலமரச் சருகை மட்டும் இதோடு கலக்காதீர்கள். அதன் எண்ணெயும் துவர்ப்பும் நுண்ணுயிரை மந்தப்படுத்தும். தனிக் குழியில் போட்டு ஒரு மழைக்காலம் நனையவிட்டுப் பிறகு சேருங்கள்.