ஆறு வருட ஜே/70: படகைப் பற்றிக் கேளுங்கள், டிரெய்லரைப் பற்றிக் கேட்காதீர்கள்

என் ஜே/70 பந்தயப் பாய்மரப் படகை, அதை ஏற்றி இழுத்துப் போகும் டிரெய்லரோடு விற்கப் போகிறேன் என்று சொன்ன மூன்றாம் நாளே ஒருவர் பார்க்க வந்தார். முந்தின நாள் முழுக்க நான் படகைக் கழுவி, மெழுகு தேய்த்து, பாய்களைச் சுருட்டி அடுக்கி வைத்திருந்தேன். கார்பன் பாய்மரத்தைக் காட்டலாமென்று உறையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, "ஜாக்கி இருக்கிறதா?" என்றார். கொடுத்தேன். டிரெய்லரின் இடது பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். லேசாக 'டொக்' என்றது. அப்புறம் கைப்பேசி வெளிச்சத்தை டயர் ஓரத்தில் அடித்து நான்கு இலக்கத்தைப் படித்தார். "எட்டு வருஷ டயராச்சே" என்றார். படகில் அவர் கால் வைக்க அரை மணி நேரம் ஆனது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் செய்ததுதான் சரி. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே படகை வாங்கப் போன நான் சக்கரப் பக்கமே திரும்பவில்லை. பாயை ஏற்றிக் காட்டினார்கள், வாயைப் பிளந்துகொண்டு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது ஒரு நண்பன் கேட்கிறான்: "நல்ல படகு என்று நீதானே சொல்வாய், ஏன் விற்கிறாய்? நான் ஒன்று வாங்கலாமா?" அவனுக்கு நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், இப்படி நீண்டுவிட்டது.

படகைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2012-இல் வந்த வடிவமைப்பு. நீளம் 7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை 800 கிலோவை ஒட்டி. கீல், அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் தொங்கும் கனமான தகடு, அதை மேலே தூக்கிக்கொள்ளலாம். அகலம் 2.25 மீட்டர்தான் என்பதால் சாதாரணக் கார் பின்னால் மாட்டிச் சாலையில் இழுத்துப் போவதில் பெரிய சிக்கல் இல்லை. இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாதது, காற்றின் வேகம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) தாண்டிய பிறகு, காற்று வீசும் திசையிலேயே ஓடும்போது நடப்பது. கயிற்றை இழுத்தால் படகின் முன்முனையிலிருந்து கம்பம் நீளும், 45 சதுர மீட்டர் ஸ்பின்னேக்கர், பலூன் மாதிரி உப்பும் அந்தப் பெரிய பாய், 'பட்'டென்று விரியும். முதல் சில நொடிகள் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு அலை பின்னாலிருந்து தூக்கிக் கொடுக்க, சுக்கான் பிடி கையில் திடீரென்று லேசாகிவிடும். சத்தம் மாறும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டிருந்த படகு தண்ணீர்மேல் வழுக்க ஆரம்பிக்கும். நாலு பேரும் பின்னால் ஒண்டிக்கொண்டு, யாரும் பேசாமல், சிரித்துக்கொண்டிருப்போம். ஆறு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று, இன்னும் சலிக்கவில்லை.

சரி, இப்போது டிரெய்லர். செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் பயனில்லை, உப்புத் தண்ணீரில் இறங்கும் எந்த டிரெய்லருக்கும் இதே கதைதான் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். எனக்கு வாய்த்ததைத்தான் நான் திட்ட முடியும்.

இரண்டாவது வருடம், ஒரு பந்தயத்துக்குப் போகும் வழியில் பின்னாலிருந்து ஏதோ முனகல் கேட்டது. சாலைச் சத்தம் என்று நினைத்தோம். டீசல் போட நிறுத்தியபோது வலது சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன், சுட்டது. மூடியைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் இல்லை, கிரீஸின் பிணம் இருந்தது. வெளுத்துப்போய், தண்ணீரில் ஊறிய சோப்பு மாதிரி. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று துரு. பேரிங்கின் உருளைகளில் குழி குழியாகப் புள்ளிகள். பந்தயத்தின் முதல் நாள் முழுக்க நான் அந்தச் சாலையோரத்தில்தான் இருந்தேன். மற்றவர்கள் போய் வேறு யார் படகிலோ ஏறிக்கொண்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அன்றைக்குத்தான் ஒரு மெக்கானிக் விளக்கினார். மணிக்கணக்கில் ஓடி வந்த சக்கரத்தின் ஹப், அதாவது பேரிங் உட்காரும் நடுப்பகுதி, சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். படகை மிதக்க விடுவதற்காக, வந்த வேகத்தில் கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் சரிவுத் தளத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்கிக் குளிர்ந்த நீரில் முக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது ஹப்பை அடைத்திருக்கும் ரப்பர் வளையமான 'சீல்' இடுக்கு வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆக, ஹப் தானாகவே கடலைக் குடிக்கிறது. நாங்கள் இரண்டு வருடமாக, ஒவ்வொரு முறையும், ஊட்டி விட்டிருக்கிறோம்.

அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. போய்ச் சேர்ந்ததும் முக்கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும், ஹப் ஆறட்டும் என்று. காற்று அருமையாக வீசிக்கொண்டிருக்கும், பக்கத்தில் வந்தவர்கள் எல்லாம் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள், நாங்கள் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்போம். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை பேரிங்கைக் கழற்றி, கழுவி, புதுக் கிரீஸ் அடைத்து, அந்த ரப்பர் சீல்களை மாற்ற வேண்டும். ஸ்பிரிங் வைத்த மூடிகள் வாங்கிப் போட்டேன். உள்ளே எப்போதும் கிரீஸ் அழுத்தத்தில் இருந்தால் தண்ணீர் புகாது என்பது கணக்கு. கொஞ்சம் பயன் உண்டு. ஆனால் ஆர்வத்தில் கிரீஸ் துப்பாக்கியை அழுத்திக்கொண்டே போனால் பின் சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக்குக்குள் போய்விடும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

பிரேக் தனிக் கதை. ட்ரம்முக்குள் உப்பு படிந்து இறுகிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் ஒரு சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே வரும். விளக்குகள் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூடி அடைத்த எல்இடி போட்ட பிறகு அந்தத் தலைவலி மட்டும் போயிற்று.

கிரேன் இருக்கும் இடமாகப் பார்த்துப் போனால் இதில் பாதித் தொல்லை கிடையாது, சக்கரம் நனையவே வேண்டாம். நான் போன இடங்களில் பாதியில் சரிவுத் தளம் மட்டும்தான். வண்டியில் இழுத்துப் போகலாம் என்பதுதான் இந்தப் படகின் முதல் பெருமை. அந்தப் பெருமைதான் என் சனிக்கிழமை மாலைகளைத் தின்றது.

விற்கும்போது இன்னொன்றும் புரிந்தது. நான் பெருமையாக நினைத்தவற்றுக்கு வாங்க வருபவரிடம் மதிப்பு குறைவு. போன வருடம் வாங்கிய புது முன்பாயைக் காட்டினேன், தலையாட்டினார், விலையில் ஒன்றும் ஏறவில்லை. பந்தயப் பாய் கிழியும் முன்பே வடிவம் போய்விடும், அவருக்கும் அது தெரியும். அவர் மகிழ்ந்தது அடிப்பகுதியைப் பார்த்து. படகை நாங்கள் தண்ணீரில் கட்டி வைத்ததே இல்லை, எப்போதும் டிரெய்லர்மேல்தான். அதனால் பாசி தடுக்கும் பெயிண்ட் அடிக்காத வெறும் அடிப்பாகம், வழவழவென்று. அதற்கு நல்ல மதிப்பு. அந்த டிரெய்லரால்தான் அதுவும். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னால் வந்த இன்னொருவர் பிளாஸ்டிக் சுத்தியலின் பிடியால் படகின் மேல்தளம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். நடுவில் லேசான மரம் பொதிந்த தளம் அது. நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று கேட்கும், திருகு வழியாகத் தண்ணீர் இறங்கி ஊறிய இடத்தில் 'தொப்' என்று சத்தம் அமுங்கும். நாற்பது நிமிடம் தட்டினார். ஒரு 'தொப்'பும் கிடைக்கவில்லை. எழுந்து நின்று, "சக்கரத்தில் ஏதோ ஆட்டம் இருக்கிறதே?" என்றார்.

நண்பா, உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பாய். படகுக்குப் பத்துக்கு ஒன்பதரை கொடுப்பேன், அதை வைத்துக்கொண்டு வாழும் வாழ்க்கைக்கு நாலு. இன்று மதியம் இரண்டு பக்கப் பேரிங்கையும் மாற்றினேன், நகக்கண்ணில் இன்னும் கறுப்பு போகவில்லை, அதனால் நாலு. வேறொரு நாள் கேட்டிருந்தால் ஆறு என்றிருப்பேன். பிடிவாதமாக வாங்குவதென்றால் ஜாக்கியோடு போ. டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே நின்று நின்றே ரப்பர் வெடிப்பு விட்டுப்போகும், மேலே உள்ள வரிப்பள்ளம் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதே. மேல்கீழாக ஆட்டிப் பார், கையால் சுற்றிக் காதை வைத்துக் கேள். அப்புறம் பாயைப் பார்.

சுத்தியல்காரர் நாளைக் காலை ஓட்டிப் பார்க்க வருகிறார். காற்று 16 நாட் வரை போகும் என்கிறது முன்னறிவிப்பு. ஸ்பின்னேக்கரை ஏற்றிக் காட்டினால் அவர் பேரமே பேசாமல் வாங்கிவிடுவார், தெரியும். ஏற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நேரம் இருக்கிறது. ஹப் ஆறும் வரை எப்படியும் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் கரையில் நிற்கத்தான் போகிறோம்.