சின்ஸ்ஹைம் டெக்னிக் மியூசியம்: மாமனாரோடு ஒரு சுற்று

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பலாம் என்றால் பாதிதான் பார்ப்பீர்கள். ஜெர்மனியில் ஹைடல்பெர்குக்கும் ஹைல்பிரானுக்கும் நடுவே, ஏ6 ஆட்டோபானை ஒட்டி இருக்கிறது சின்ஸ்ஹைம் டெக்னிக் மியூசியம். காரில் வருகிறவர்கள் வழி தேடவே வேண்டாம். இரண்டு வெள்ளை விமானங்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். ரயிலில் வந்தால் ஹைடல்பெர்கில் எஸ்5 பிடித்து ‘மியூசியம்/அரேனா’ நிறுத்தத்தில் இறங்கலாம்.

நான் ஹைல்பிரானில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கோட்டை, தேவாலயம் என்று எதைக் காட்டினாலும் “நல்லாருக்கு மாப்ளே” என்பதோடு முடித்துக்கொள்வார். இங்கே மட்டும் ஒவ்வொரு வண்டி முன்னாலும் நின்று ஒரே கேள்விதான்: “இது ஓடுமா?” இந்த இடத்தை எடைபோட அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கூரைக்குப் போங்கள், குறிப்பாக வெயில் காலத்தில். மூடிய உலோகக் கூடுகள் அவை; உச்சி வெயிலில் உள்ளே நிற்க முடியாது. ஒரு பக்கம் ஏர் பிரான்ஸின் கான்கார்டு, இன்னொரு பக்கம் சோவியத் டுபொலெவ் டியூ-144. ஒலியை மிஞ்சிப் பறந்த இரண்டு பயணிகள் விமான வகைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது உலகத்திலேயே இங்கு மட்டும்தான். இரண்டுக்குள்ளும் ஏறலாம். ஆனால் சுழல் படிக்கட்டு ஏற வேண்டும். விமானங்களை மேலே கிளம்புகிற கோணத்தில் பொருத்தியிருப்பதால், உள்ளே போனபிறகும் தரை சரிவாகவே இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒன்றில் மட்டும் ஏறினால் போதும். அது கான்கார்டாக இருக்கட்டும்.

உள்ளே போனதும் முதலில் உறைப்பது அதன் ஒடுக்கம். பக்கத்துக்கு இரண்டு இருக்கை, நடுவில் ஒரு நடைபாதை, உள்ளங்கை அளவு ஜன்னல். நூறு பேர் இந்தக் குழாய்க்குள் உட்கார்ந்து, ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில், 18 கிலோமீட்டர் உயரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறார்கள். மாமா இருக்கைகளைக் கண்டுகொள்ளவில்லை. நேராக முன்னால் போய் விமானி அறையை எட்டிப் பார்த்தார். இரண்டு விமானிகளோடு ஃப்ளைட் இன்ஜினியர் ஒருவரும் உட்காரும் அறை அது. பக்கச் சுவர் முழுக்க அவருடைய மீட்டர்களும் சுவிட்சுகளும்தான். வேகம் கூடும்போது எரிபொருளைப் பின் டாங்கிக்குத் தள்ளுவதும், குறையும்போது முன்னால் கொண்டுவருவதும் அவர் வேலை. எடையின் மையத்தை எரிபொருளாலேயே நகர்த்துகிற ஏற்பாடு. அந்த வேகத்தில் உடம்பு சூடேறி விமானமே 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும், அந்த மீட்டர் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும் என்று சொன்னேன். “தண்டவாளத்துல வெயிலுக்கு கேப் விடுறாப்ல” என்றார். அதற்கப்புறம் என் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

“சரி, இது ஓடுமா?”

ஓடாது. 2003-இல் ஏர் பிரான்ஸ் சேவையை நிறுத்தியது; ஏர்பஸ்ஸும் பராமரிப்பு ஆதரவை விலக்கிக்கொண்டது. இந்த விமானம் அந்த ஜூன் மாதம் பாடன்பாடனில் கடைசியாகத் தரையிறங்கி, ரைன் ஆற்றில் மிதவையேறி, மீதி தூரத்தைச் சாலையில் கடந்து இங்கே வந்தது.

எதிரே நிற்கும் டியூ-144-ஐ அன்றைய மேற்கத்தியப் பத்திரிகைகள் ‘கான்கார்ட்ஸ்கி’ என்று கிண்டலடித்தன. ஆனால் முதலில் பறந்தது அதுதான்: 1968 டிசம்பர் 31. கான்கார்டு எழும்பியது 1969 மார்ச் 2. விமானி அறைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சிறகுகளைப் பாருங்கள். மெதுவாகப் பறக்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்க அவை விரியும், வேகமெடுத்ததும் மடங்கிக்கொள்ளும். கான்கார்டில் இது கிடையாது. இந்த ஓட்டத்தில் ஜெயித்தும் பலன் இல்லை. 1977 நவம்பரில் மாஸ்கோ–அல்மாட்டி பயணிகள் சேவை தொடங்கி, 55 தடவை பறந்து, 1978 ஜூனில் நின்றுபோனது. உள்ளே காது கிழிகிற சத்தமாம். பக்கத்து இருக்கைக்காரரிடம் சீட்டு எழுதிக் காட்டிப் பேசியிருக்கிறார்கள்.

கீழே ஹாலுக்கு இறங்கினால் காற்றே வேறு. எண்ணெய் வாசனை, பாலிஷ் போட்ட பித்தளை. காசு போட்டால் வாசிக்கும் பழைய இயந்திர ஆர்கன்கள் வேறு (குழந்தைகளோடு போனால் சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள்). மேபாக் வரிசைதான் எனக்கு உச்சம். செப்பலின் ஆகாயக்கப்பலுக்கு இன்ஜின் செய்துகொடுத்த கம்பெனி 1930-களில் செய்த கார் என்பது பானட்டைப் பார்த்தாலே தெரியும்: பன்னிரண்டு சிலிண்டர், எட்டு லிட்டர். கார்கள் நெருக்கமாக நிற்கின்றன என்பது என் ஒரே குறை. ஒரு வண்டியைச் சுற்றிவந்து பின்பக்க வளைவை ரசிக்க இடம் போதாது. ஸ்டுட்கார்ட்டின் கார் கம்பெனி மியூசியங்களில் இருக்கிற வெளிச்சம், இடைவெளி, அலங்காரம் எதையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். 1981-இல் வண்டிப் பைத்தியங்கள் சேர்ந்து ஆரம்பித்த இடம் இது. அந்தக் குணம் இன்னும் போகவில்லை. பெரிய ஷெட்டுக்குள் நுழைந்த உணர்வுதான். மாமாவுக்கு அதுதான் பிடித்தது.

அந்தப் பைத்தியத்துக்குச் சாட்சி ‘புரூட்டஸ்’ என்கிற கார். ஒரு நூற்றாண்டுப் பழைய அமெரிக்கன் லாஃபிரான்ஸ் கம்பெனி சேஸிஸில் பிஎம்டபிள்யூ விமான இன்ஜினை மாட்டியிருக்கிறார்கள். 46 லிட்டர்! நம்ம ஊர் மாருதி 800 இன்ஜின் ஐம்பதுக்கும் மேல் இதற்குள் அடங்கும். பிரேக்கும் பாதுகாப்பும் பற்றி நினைக்கவே பயமாக இருக்கிறது. ஓடுமா என்றால், ஓடும். விழா நாட்களில் வெளியே எடுத்து, புகைபோக்கியில் நெருப்பு கக்கக் கக்க ஓட்டுகிறார்கள். மாமா முகம் அப்போதுதான் மலர்ந்தது.

‘புளூ ஃப்ளேம்’ முன்னால் நேரம் ஒதுக்குங்கள். நீலமாக, நீளமாக, சக்கரம் வைத்த ராக்கெட். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ராக்கெட் இன்ஜின்தான். ஹைட்ரஜன் பெராக்சைடும் திரவ இயற்கை வாயுவும் எரிபொருள். 1970 அக்டோபர் 23 அன்று அமெரிக்காவின் பான்வில் உப்புத் தரையில் கேரி கேபலிக் இதை மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். தரையில் அந்த எல்லையை முதலில் தாண்டிய வண்டி இது. 1983 வரை சாதனை நின்றது. கான்கார்டு, டியூ-144, இது மூன்றும் ஒரே காலத்துப் பிள்ளைகள். இனி எல்லாமே இந்த வேகத்தில்தான் போகும் என்று நம்பிய காலம். மூன்றுமே இப்போது ஓடாது. நூறு வயது தாண்டிய சேஸிஸ் ஓடுகிறது.

நீராவி இன்ஜின்கள் பக்கம் நான் போகத் தேவையே இருக்கவில்லை, மாமா தனியாகப் போய்விட்டார். “ஒடுக்கமான லைனு. நம்ம பிராட்கேஜ் மாதிரி வராது” என்று தீர்ப்புச் சொன்னார். சும்மா இல்லை: தண்டவாள இடைவெளி அங்கே 1,435 மில்லிமீட்டர், நமக்கு 1,676. ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி இன்ஜின் செய்த ஒர்க்‌ஷாப்காரர் அல்லவா, அந்த மிடுக்கு இருக்கத்தானே செய்யும்.

மற்றவை சுருக்கமாக. பார்க்கிங்குக்குக் காசில்லை. ஆண்டின் 365 நாளும் திறந்திருக்கும். உணவகத்தில் ஷ்னிட்சல், உருளைக்கிழங்கு வகையறாதான். சைவக்காரர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். ராணுவ ஹாலை நாங்கள் வேகமாகக் கடந்துவிட்டோம், டாங்கிகளில் எனக்கு ஆர்வமில்லை. 2024-இல் கொண்டுவந்த யூ17 நீர்மூழ்கிக் கப்பலை வெளியிலிருந்து பார்த்தாலே பிரமிப்பு. ஐமேக்ஸ் டிக்கெட்டை முதல் தடவை வாங்காதீர்கள். அந்த நேரத்தைப் புளூ ஃப்ளேமுக்கும் மேபாக்குக்கும் கொடுங்கள். இதே நிர்வாகத்தின் இன்னொரு மியூசியம் ஸ்பையரில் இருக்கிறது. சோவியத் புரான் விண்ணோடத்தின் சோதனை விமானமும் லுஃப்தான்சாவின் ஜம்போவும் அங்கே உண்டு. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் ஸ்பையருக்கு இன்னொரு வாரக்கடைசி.