பூட்டிய வீட்டின் பில்களும் நிற்காத ஆட்டோ டெபிட்டும்

மயிலாடுதுறையில் தனியாக இருந்த அம்மா பெங்களூருவில் தம்பி வீட்டோடு போய்விட்டதால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காக அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டுவந்த தொகைகளை நிறுத்துவதே இம்முறை ஊருக்குப் போனபோது எனக்கிருந்த முக்கிய வேலை. இணைய இணைப்பு, டிடிஎச், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் என்று பார்த்தால் பட்டியல் பெரிதல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. எந்த வழியில் பிணைத்தார்களோ அந்த வழியில்தான் அவிழ்க்கவும் முடிந்தது. நான் வசிக்கும் பிரிட்டனில் டைரக்ட் டெபிட்டுகள் அனைத்தும் வங்கிச் செயலியில் ஒரே பட்டியலாகத் தெரியும், வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம், தவறாக எடுத்த பணத்தை வங்கியே திருப்பித் தரும் என்ற உத்தரவாதமும் உண்டு. அந்தப் பழக்கத்தோடு ஊரில் வங்கிக்குள் நுழைகிறவர்களுக்குப் பொறுமை கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

எளிதாக முடிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டிடிஎச் கட்டணம் யுபிஐ ஆட்டோபே மூலம் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் கைபேசியில் யுபிஐ செயலியைத் திறந்து, ஆட்டோபே பகுதிக்குச் சென்று, ரத்து என்பதை அழுத்தி, யுபிஐ பின் எண்ணை இட்டதும் வேலை முடிந்தது. சுத்திகரிப்பு இயந்திரத்துக்கான தொகை டெபிட் கார்டில் பதிவாகியிருந்தது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி இத்தகைய கார்டுப் பிடித்தங்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். எந்த நேரத்திலும் இணையவழியில் அனுமதியைத் திரும்பப் பெறும் வசதியையும் கார்டு வழங்கிய வங்கி கொடுக்க வேண்டும். 2021 அக்டோபர் முதல் இது கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. அதனால் வங்கியின் இணையதளத்தில் ஓடிபி ஒன்றைக் கொடுத்ததும் அதுவும் நின்றது.

இரண்டும் இவ்வளவு சுலபமாக முடிந்ததற்குக் காரணம் அம்மாவின் பழைய கைபேசி எண் உயிரோடு இருந்ததுதான். மூன்று மாதங்களுக்கு எந்தப் பயன்பாடும் இல்லாத சிம் துண்டிக்கப்படலாம் என்பதால், தம்பி அதற்கு விடாமல் ரீசார்ஜ் செய்துவந்திருக்கிறான். பெற்றோரை வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அழைத்துச் செல்பவர்கள் வங்கியில் பதிந்த எண்ணை அலட்சியமாக விட்டுவிட்டால், ஓடிபியும் வராது, முன்னறிவிப்பும் வராது; எண்ணை மாற்றுவதற்கே கணக்கு வைத்திருப்பவர் நேரில் கிளைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இழுத்தடித்தது இணைய இணைப்பு. சேவையை முறைப்படி சரண்டர் செய்து, மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, நிலுவை ஏதுமில்லை என்ற கடிதத்தையும் வாங்கிய பிறகும், அடுத்த மாதம் வழக்கமான தொகை பிடிக்கப்பட்டது. பாஸ்புக்கில் பார்த்தால் நிறுவனத்தின் பெயர்கூட இல்லை. பணம் வசூலித்துத் தரும் ஏதோ ஓர் இடைநிறுவனத்தின் பெயர் ஏசிஎச் என்ற எழுத்துகளோடு அச்சாகியிருந்தது. அது நாச் என்ற, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் முறையில் நடந்த பிடித்தம். இணைப்பு வாங்கிய காலத்தில் அம்மா கையெழுத்திட்டுக் கொடுத்த தாள்தான் அதற்கு ஆதாரம். வங்கிக்கும் நிறுவனத்துக்கும் தனித்தனியாகத் தெரிவிக்காவிட்டால், சேவை செத்தாலும் அந்தத் தாள் சாகாது.

கிளையில் இருந்தவர், "கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுங்கம்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று அம்மாவிடம் சொன்னார். நிறுவனத்தின் தொலைபேசி சேவையில் பேசியவரோ, "பணம் உங்க பேங்க்ல இருந்துதான் சார் வருது, அங்கதான் கேன்சல் பண்ணணும்" என்றார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாலேயே பாதி நாள் போயிற்று. பிடித்த பணத்தைப் பற்றிக் கேட்டபோது, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளப்படும் என்றும் அதே குரல் உறுதியளித்தது. இணைப்பே இல்லாத வீட்டுக்கு அடுத்த பில் எங்கிருந்து வரும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

முடிச்சு அவிழ்ந்தது படிவத்தால்தான். மேண்டேட் என்பது கணக்கிலிருந்து பணம் பிடிக்க நாம் கொடுக்கும் அனுமதி. நாச் மேண்டேட் படிவத்தின் மேற்பகுதியில் புதிதாகத் தொடங்க, மாற்ற, ரத்து செய்ய என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. தொடங்குவதற்கான தாளிலேயே முடிப்பதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யுஎம்ஆர்என் எனப்படும் 20 இலக்கக் குறியீடு உண்டு. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மறுமொழியின் தொனியே மாறிவிடுகிறது. மேலாளரிடம் அதைக் கேட்டு வாங்கி, ரத்துக் கட்டத்தில் குறியிட்டு, நிலுவையின்மைக் கடிதத்தின் நகலை இணைத்து, அம்மா கையெழுத்திட்டுக் கொடுத்தார். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நாங்கள் எழுந்திருக்கவில்லை. பழைய படிவங்களில் முடிவுத் தேதிக்குப் பதிலாக "ரத்து செய்யும் வரை" என்ற கட்டத்தில் குறியிடும் வழக்கம் இருந்தது. வயதானவர்களின் கணக்குகளில் அப்படிப்பட்டவை இன்னும் கிடக்கக்கூடும் என்பதால், அம்மாவின் கணக்கில் உயிரோடு இருக்கும் மேண்டேட்டுகள் அனைத்தையும் அச்சிட்டுத் தரும்படி அப்போதே கேட்டோம். வேறு எதுவும் இல்லை.

உறவினர் ஒருவர் இதற்குக் குறுக்குவழி சொன்னார்: கணக்கைக் காலி செய்துவிட்டால் எதைப் பிடிப்பார்கள்? இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பினால் வங்கி அதற்கொரு கட்டணம் போட்டு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்க்கும். உண்மையிலேயே செலுத்த வேண்டிய கடன் தவணை அப்படித் திரும்பினால் நிலைமை இன்னும் மோசம். 2007ஆம் ஆண்டின் கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைக் காசோலை திரும்புவதைப் போலவே குற்றமாகக் கருதுகிறது, இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கும் இடமிருக்கிறது.

மின்கட்டணத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தோம். கிணற்று மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் இணைப்பு தேவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லைத் தம்பியே பார்த்துக் கட்டிவிடுகிறான்.

ரத்துக்குப் பிறகு நாச் பிடித்தம் நின்றுவிட்டது. தவறாக எடுத்த ஒரு மாதத் தொகை இன்னும் திரும்பவில்லை. நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கியிருக்கிறோம். 30 நாட்களுக்குள் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம். முத்திரையிட்ட நகலும் கடிதமும் தம்பியிடம் இருக்கின்றன, அம்மா பெயரில் முறையீட்டை அவனே பதிவு செய்வான்.