ப்ரெட்ஸலை எதில் முக்குவது: சமையல் சோடாவா, சுட்ட சோடாவா, காஸ்டிக் சோடாவா?

அக்டோபர் வந்தால் அமெரிக்காவில் வீட்டு விருந்துகளில் ஆப்பிள் சைடர், பூசணி பை, அப்புறம் ஒரு தட்டு நிறையச் சூடான ப்ரெட்ஸல் (மாவைக் கயிறாக உருட்டி முடிச்சுபோல் முறுக்கிச் சுட்ட ரொட்டி) என்று மேஜை நிரம்பும். ப்ரெட்ஸலை வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் மாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தேவையே இல்லை. 500 கிராம் ரொட்டி மாவு, 270 மில்லி நீர், 30 கிராம் வெண்ணெய், 10 கிராம் உப்பு, 7 கிராம் உலர் ஈஸ்ட், ஒரு ஸ்பூன் சர்க்கரை. கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து ஒரு மணி நேரம் உப்ப விட்டால் மாவு தயார். ஆனால் இதை முறுக்கி அப்படியே ஓவனில் வைத்தால் கிடைப்பது முறுக்கு வடிவ பன்தான்.

பன்னை ப்ரெட்ஸல் ஆக்குவது, சுடுவதற்கு முன் அது முங்கி எழும் காரநீர். காரம் என்றால் இங்கே மிளகாய் உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான ‘ஆல்கலி’. மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து அந்த நீரில் கூழாகிப் பளபளப்பான தோலாகிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் வினையும் காரத்தில் வேகமெடுக்கிறது. காரம் வலுத்தால் நிறமும் மணமும் கூடும். அந்த நீரில் எதைக் கரைப்பது என்பதில்தான் மூன்று கட்சிகள்.

முதல் கட்சி, எல்லார் வீட்டிலும் இருக்கும் சமையல் சோடா. சுமார் இரண்டரை லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, அதில் முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஒவ்வொரு ப்ரெட்ஸலையும் 30 வினாடி விட்டு எடுத்தால் போதும். பயமில்லை, செலவில்லை. ஆனால் சோடா கரைசலின் பிஎச் (கார வலுவைக் காட்டும் எண்; 7-க்கு மேல் ஏற ஏறக் காரம்) 8-ஐக் கொஞ்சம்தான் தாண்டும். கொதிக்கும்போது சற்று ஏறினாலும், நிறம் பொன்பழுப்போடு நின்றுவிடுகிறது. நிறத்துக்காக மேலே முட்டை தடவச் சொல்வார்கள். அது பூச்சு வேலை, சுவை அதில் வராது. கூடுதல் நேரம் கொதிக்க விட்டால் நாக்கில் ஒரு உலோகச் சுவை தங்கும்.

இந்தக் கட்சிக்கும் ஒரு இடம் உண்டு: இனிப்பு ப்ரெட்ஸல். 1988-இல் பென்சில்வேனியாவின் டவுனிங்டவுன் சந்தையில் ஆன் பைலர் தொடங்கிய ஆன்ட்டி ஆன்ஸ் கடைதான் வெண்ணெயில் புரட்டிய மென்மையான ப்ரெட்ஸலை அமெரிக்க மால்களுக்கெல்லாம் கொண்டுபோனது. பட்டைப் பொடியும் சர்க்கரையும் புரட்டித் தருவதாக இருந்தால் சமையல் சோடாவே சரி. வலுவான காரத்தின் மணம் இனிப்போடு சண்டை போடும்.

எதிர்முனையில் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. தெற்கு ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் பேக்கரிகளில் இதுதான் முறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 40 கிராம். கொதிக்க வைக்க வேண்டாம், சில வினாடி முக்கினால் போதும். வெளியே வரும்போது கருஞ்செந்நிறம், மெல்லிய மொறுமொறுப்பு, கடையில் வாங்கியதில்கூடப் பல சமயம் கிடைக்காத அந்தத் தனி மணம். ருசியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது.

விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டும். தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள் இது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடாகித் தெறிக்கும். அளவைத் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும், ஸ்பூன் கணக்கு இதற்கு ஆகாது. அலுமினியப் பாத்திரமும் ட்ரேயும் பக்கத்திலேயே வரக்கூடாது, காரம் அலுமினியத்தை அரிக்கும். உணவுத் தரம் என்று போட்டதையே வாங்குங்கள்; சாக்கடை அடைப்பு நீக்கும் தூள் அதற்கு மாற்றாகாது. சுட்டபின் பயமில்லை. ஓவனில் கரியமில வாயுவோடு சேர்ந்து மிச்சக் காரம் கார்பனேட்டாக மாறிவிடும். ஆனால் சுடுவதற்கு முன் அந்தக் கிண்ணம் சமையலறை மேடையில் இருக்கும், விருந்தன்று அதே மேடையைச் சுற்றிக் குழந்தைகள் ஓடுவார்கள். அந்த வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

என் ஓட்டு நடுக்கட்சிக்கு. சமையல் சோடாவை ட்ரேயில் பரப்பி 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டால், நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. மிஞ்சுவது சோடியம் கார்பனேட், காரத்தில் சமையல் சோடாவை வெகுவாக மிஞ்சியது. உணவு அறிவியல் எழுதும் ஹெரால்ட் மெக்கீ 2010-இல் நியூயார்க் டைம்ஸில் இதை எழுதியபின் வீட்டுச் சமையலறைகளில் பரவிய முறை இது. நம் அப்பளக்காரமும் ராமென் நூடுல்ஸில் சேர்க்கும் காரமும் இதே குடும்பம்தான். அரை லிட்டர் நீருக்கு 100 கிராம் சுட்ட சோடா, மூன்று நான்கு நிமிட ஊறல், பிறகு நல்ல தண்ணீரில் ஒரு அலசல். அலசாவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். நிறம் காஸ்டிக் சோடாவுக்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான். வெறுங்கையால் அள்ளினால் தோல் எரியும் என்பதால் இதற்கும் கையுறை நல்லது, பாத்திரம் ஸ்டீலாக இருக்கட்டும். முன்கூட்டியே சுட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம் என்பது விருந்து வைப்பவருக்குப் பெரிய வசதி.

வடிவத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். பவேரியாவை ஒட்டிய ஸ்வாபியப் பகுதியின் பாணியில் கைகள் மெலிந்து, பருத்த வயிற்றில் கத்தியால் கீறியிருக்கும். 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெற்ற பவேரியப் பாணியில் கீறல் கிடையாது, தானாக வெடிக்க விடுவார்கள். பார்க்க முறுக்கு வடிவம் அழகு. ஆனால் இருபது பேர் நின்றுகொண்டே சாப்பிடும் விருந்தில், கயிறாக உருட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய துண்டுகளே முதலில் காலியாகும். கடுகு விழுதும் சீஸ் குழம்பும் தொட்டுக்கொள்ள இதுதான் லாயக்கு. ஒரே குறை, துண்டுகள் சீக்கிரம் காய்ந்துவிடும்.

எந்தக் கட்சியானாலும், வடிவமைத்ததை முந்தைய இரவே மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தோல் காய்ந்து இறுகியிருப்பதால் காரநீரில் முக்கும்போது வடிவம் குலையாது. விருந்தினர் செருப்பைக் கழற்றும் நேரத்தில் 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் சூடாகப் பரிமாறலாம். மீந்து போகும் என்று தோன்றினால் அந்தப் பங்குக்கு மட்டும் உப்புத் தூவாதீர்கள். மேலே கிடக்கும் கல்லுப்பு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் தோலை நசநசக்க வைத்துவிடும். உப்பில்லாமல் ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது தண்ணீர் தெளித்து, உப்புப் போட்டு, மறுபடி ஓவனில் சூடாக்கிக்கொள்ளலாம்.