கூகுள் ட்ரெண்ட்ஸா, விக்கிப்பீடியா கணக்கா, எக்ஸ் பட்டியலா?

ஒரு விஷயத்தில் மக்களுக்கு ஆர்வம் கூடுகிறதா, வடிகிறதா என்று பார்க்க இலவசக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானோர் நேராகப் போவது, கூகுளில் ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று வரைபடக் கோடாகக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸுக்குத்தான். நான் முதலில் திறப்பது விக்கிப்பீடியாவின் பக்கப் பார்வைக் கணக்கை. அதில் இருப்பது எண்ணிக்கை. ட்ரெண்ட்ஸில் இருப்பது வெறும் பங்கு.

ட்ரெண்ட்ஸ் 2006-இல் வந்தது. தரவு 2004-லிருந்து கிடைக்கிறது. கோடு 0-க்கும் 100-க்கும் நடுவில் ஓடும். நாம் தேர்ந்தெடுத்த இடத்திலும் காலத்திலும் நடந்த மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லின் பங்கு என்றைக்கு உச்சத்தில் இருந்ததோ, அந்தப் புள்ளிதான் 100. மற்ற எல்லாப் புள்ளிகளும் அதை வைத்துக் கணக்கிடப்படுகின்றன.

பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு பேச்சுக்கு, மொத்தம் 10 லட்சம் தேடல்கள் நடந்த மாதத்தில் ஒரு சொல்லை 1,000 முறை தேடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னாளில் மொத்தத் தேடல் 20 லட்சமாகிறது, அந்தச் சொல்லுக்கு 1,500. தேடல் ஒன்றரை மடங்காகிவிட்டது. ஆனால் பங்கு 0.1 சதவீதத்திலிருந்து 0.075-க்கு இறங்கிவிட்டது. கோடு 100-லிருந்து 75-க்குச் சரியும். 'ஆர்வம் கால்வாசி குறைந்தது' என்று யாராவது தலைப்பே போட்டுவிடுவார்கள்.

விக்கிப்பீடியாவில் இந்தக் குழப்பம் இல்லை. 2015 ஜூலை முதல் ஒவ்வொரு கட்டுரைக்கும் தினசரி எத்தனை பார்வைகள் என்பது அப்படியே கிடைக்கும். தேடுபொறிகளின் தானியங்கி வருகைகளைப் பெருமளவு கழித்துவிட்டுப் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததே, அதைப் பற்றிய கட்டுரையின் கணக்கை எடுத்தால், ஆர்வம் எந்த நாளில் ஏறத் தொடங்கியது, முடிந்ததும் எவ்வளவு வேகமாக வடிந்தது என்று நாள்வாரியாகச் சொல்லிவிடலாம். இன்று பார்த்தாலும் அடுத்த மாதம் பார்த்தாலும் அதே எண். ட்ரெண்ட்ஸ் எல்லாத் தேடல்களையும் எடுக்காமல் ஒரு மாதிரித் தொகுப்பை வைத்துக் கணக்கிடுவதால், குறைவாகத் தேடப்படும் சொற்களுக்கு நாளைக்கே கோடு கொஞ்சம் மாறியிருக்கும்.

இதற்காக விக்கிப்பீடியாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். முதற்பக்கத்தில் ஒரு கட்டுரையை வைத்தாலே பார்வை எகிறும்; அதற்கும் மக்கள் ஆர்வத்துக்கும் சம்பந்தமில்லை. கட்டுரையின் பெயரை மாற்றினால் கணக்கு இரண்டாகப் பிரியும். கட்டுரையே இல்லாத விஷயத்துக்குக் கணக்கும் இல்லை. கணக்கு மொழிவாரியானது, படித்தவர் எந்த நாட்டுக்காரர் என்று அது சொல்லாது.

அந்த இடத்தில் ட்ரெண்ட்ஸ்தான் கெட்டி. நாடு, மாநிலம் என்று இறங்கிப் பார்க்கலாம், ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். 'ஜாகுவார்' என்று தட்டும்போது விலங்கா, காரா என்று தலைப்பைத் தேர்ந்தெடுத்தால், வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். வெறும் தேடல் சொல்லாக விட்டால் எல்லாம் கலந்துவிடும். இன்னொன்று, தொடர்புடைய தேடல்களில் 'பிரேக்அவுட்' என்று வந்தால் பதற வேண்டாம். 5,000 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி என்று அர்த்தம். ஆனால் நேற்றுவரை ஏறக்குறைய யாருமே தேடாத சொல்லுக்கும் அந்த முத்திரை கிடைத்துவிடும்.

எக்ஸ் தளத்தின் (பழைய ட்விட்டர்) ட்ரெண்டிங் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது காட்டுவது பேச்சு திடீரென்று சூடுபிடிப்பதை. நாள்தோறும் நிதானமாகப் பேசப்படும் விஷயம் அதில் ஏறாது. நேரம் குறித்துக்கொண்டு ஒரு கூட்டம் ஹேஷ்டேக் போட்டால் ஏறிவிடும். போதாக்குறைக்கு, நாம் யாரைப் பின்தொடர்கிறோம் என்பதைப் பொறுத்தும் பட்டியல் மாறும். என்ன நடக்கிறது என்று மோப்பம் பிடிக்கச் சரி, அளப்பதற்குச் சரிப்படாது.

கூகுளின் கீவேர்டு பிளானர் விளம்பரதாரர்களுக்கானது. மாதாந்திரத் தேடல் எண்ணிக்கை தரும், ஆனால் விளம்பரத்துக்குச் செலவழிக்காதவருக்கு 1,000 முதல் 10,000 வரை என்பதுபோல் அகலமான வரம்புதான் கிடைக்கும். ட்ரெண்ட்ஸில் பார்த்த சொல் நிறையத் தேடப்படுவதா, துக்கடாவா என்று உரசிப் பார்க்க அதுவே போதும்.

எந்தக் கருவியானாலும் ஏன் தேடினார்கள் என்பதற்குப் பதில் கிடைக்காது. கூகுள் 2008-இல் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் தொடங்கியது, தேடல்களை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணிக்க. 2012-13 பருவத்தில் அமெரிக்காவில் அதன் கணிப்பு நிஜத்தைவிட மிக அதிகமாகப் போனது. காய்ச்சல் பற்றிய செய்திகளைப் பார்த்து நலமாக இருந்தவர்களும் தேடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2015-இல் கணிப்பு வெளியிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே, கோட்டில் ஒரு உச்சம் தெரிந்தால் நான் செய்வது இதுதான்: அந்தத் தேதியின் செய்திகளை எடுத்துப் பார்ப்பேன். அப்புறம் அடுத்த இரண்டு வாரங்களுக்கு விக்கிப்பீடியா கணக்கு பழைய மட்டத்துக்கே விழுகிறதா, கொஞ்சம் மேலே தங்குகிறதா என்று பார்ப்பேன். தங்கினால்தான் ஆர்வம் என்று எழுதுவேன்.